மொட்டை மாடியில் ஒரு கிலோவாட்

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் சோலார் அமைப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் மின்சாரம் தரும். இரண்டு மாத பில் கணக்கில் அது சுமார் 240 யூனிட். இப்போது கிடைக்கும் 540 வாட் பேனல்கள் இரண்டும், நிழல் விழாத நூறு சதுர அடி மொட்டை மாடியும் இதற்குப் போதும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் உண்டு. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு அரசு போட்ட அடக்க விலை கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய். சந்தையில் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே கேட்கிறார்கள். பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே முழுத் தொகையையும் முதலில் புரட்டியாக வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும்.

இந்தச் செலவு தகுமா என்பதைப் பழைய மின்கட்டண பில் சொல்லிவிடும். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கிவிடும் குடும்பத்துக்கு சோலாரால் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. விற்பவர்கள் இதைச் சொல்வது அபூர்வம். நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டும் வீடுகளின் கதையே வேறு. அங்கே தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடுகிறது. ஏ.சி. ஓடி 600 யூனிட் காட்டும் வீட்டில் 1 கிலோவாட் அமைப்பு அதை 360க்கு இறக்கினால், விலை உயர்ந்த யூனிட்டுகளே முதலில் கழிகின்றன.

பகலில் வீட்டுக்குத் தேவைப்படாத மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இருவழி மீட்டர் இரண்டையும் கணக்கு வைப்பதால் பேட்டரி தேவையில்லை. ஆனால் கரண்ட் போனால் இந்த அமைப்பும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன்மீது மின்சாரம் பாயாமல் இருக்கவே இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்கிறது. மின்வெட்டுக்குத் தீர்வு தேடி இதை வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அடியில் காற்றோட்டம் வேண்டும் என்பதாலேயே சட்டம் போட்டு உயர்த்திப் பொருத்துகிறார்கள். முகப்பு தெற்கு பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலும், அதே வரிசையில் இணைந்த மற்ற பேனல்களின் மின்னோட்டமும் தடைபடக்கூடும். அவ்வப்போது அதிகாலையில் தூசியைக் கழுவிவிட்டால் போதும். கொதிக்கும் கண்ணாடியில் மதியம் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இவ்வளவு பணம் இல்லாதவர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் 100 அல்லது 200 வாட் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி என்று சிறிதாகத் தொடங்கலாம். ஆனால் அதற்கு முன் மாற்ற வேண்டியது ஃபேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் ஓடும். பத்து மணி நேரத்துக்கு முன்னது முக்கால் யூனிட் தின்னும், பின்னதற்கு 0.3 யூனிட் போதும். 100 ஆம்பியர்-ஹவர் ஈய அமில பேட்டரியில் 1.2 யூனிட் அடங்கும் என்றாலும், அது சீக்கிரம் கெடாமலிருக்கப் பாதியை மட்டுமே செலவழிக்க வேண்டும். பழைய ஃபேனுக்கே அது ஓர் இரவு தாங்காது. புதிய ஃபேனை ஓட்டி, இரண்டு எல்.இ.டி. பல்புகளையும் சில மணி நேரம் எரிய விடலாம். பேனல் 25 ஆண்டு உழைக்கும். ஈய பேட்டரியோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கேட்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கும்போது விலை அதிகம், உழைப்பு பல மடங்கு. கையில் பணம் இருந்தால் அதையே வாங்கலாம்.