எலும்பு கூடுவதில் புரதங்களும் நொதிகளும்

முறிந்த எலும்பு கூடுவது என்பது, உடல் புதிய எலும்பை உருவாக்கி முறிவை இணைக்கும் செயலாகும். மாவுக்கட்டு எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. இணைக்கும் வேலையைச் செய்பவை எலும்புச் செல்களும் அவை சுரக்கும் புரதங்களும் நொதிகளும் ஆகும்.

சட்டகம்

எலும்பின் கரிமப் பொருளில் சுமார் 90 விழுக்காடு கொலாஜன் என்னும் புரதம். இது மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது. இவ்வமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் விளக்கினர். ஆய்வுக்கான கொலாஜனைப் பெற அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உதவியது.

நொதிகளின் பணி

* புரொலைல் ஹைட்ராக்சிலேஸ்: மூவிழை முறுக்கு குலையாதபடி உறுதியாக்குகிறது. இது செயல்பட வைட்டமின் சி தேவை.
* லைசைல் ஆக்சிடேஸ்: கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. இதற்குத் தாமிரம் தேவை.
* மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ்கள்: முறிவில் முதலில் தோன்றும் மென்மையான குருத்தெலும்பைக் கரைத்து, புதிய எலும்புக்கு இடம் தருகின்றன.
* அல்கலைன் பாஸ்பட்டேஸ்: தாது படிவதைத் தடுக்கும் பைரோபாஸ்பேட்டை உடைத்துப் பாஸ்பேட்டாக்குகிறது. அது கால்சியத்துடன் சேர்ந்து படிய, எலும்பு கெட்டியாகிறது.
* கத்தெப்சின் கே: மிகையாக வளர்ந்த எலும்பின் கொலாஜனைச் சிதைத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர உதவுகிறது.

உணவின் பங்கு

வைட்டமின் சி கிடைக்காத ஸ்கர்வி நோயில் கொலாஜன் வலுவிழப்பதால் எலும்பு சரியாகக் கூடுவதில்லை. 1740களில் ஆன்சனின் கடற்பயணத்தில், எப்போதோ கூடிய எலும்புகூட இந்நோயால் மீண்டும் விட்டுப்போனதாகப் பதிவு உள்ளது. எனவே கட்டுப் போட்ட காலத்தில் பாலும் முட்டையும் மட்டும் போதாது. நெல்லிக்காய், கொய்யா போன்றவையும் உணவில் இருக்க வேண்டும்.