ஐந்து லட்சம் பேரின் ரத்தத்தில் இதயநோயின் தடயம்

பிரிட்டனின் யூகே பயோபேங்க், உடல் மாதிரிகளையும் மருத்துவக் குறிப்புகளையும் சேர்த்துப் பாதுகாக்கும் உயிரிவங்கி. 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 5 லட்சம் பேர் தாமாக முன்வந்து இதில் சேர்ந்தார்கள். ரத்தமும் சிறுநீரும் கொடுத்தார்கள். எடை, ரத்த அழுத்தம், உணவு, உறக்கம் எல்லாம் பதிவாயின. அவர்களில் யாருக்கு மாரடைப்பு வந்தது, யாருக்குச் சர்க்கரை நோய் கண்டது என்பதை மருத்துவமனைப் பதிவுகள் வழியாக ஆய்வாளர்கள் தொடர்ந்து அறிகிறார்கள்.

இந்நோய்களுக்குப் பெரும்பாலும் ஒற்றை மரபணு காரணமாக இருப்பதில்லை. டிஎன்ஏவில் எண்ணற்ற இடங்களிலுள்ள சிறு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஆபத்தை இம்மியளவு கூட்டும் அல்லது குறைக்கும். சில நூறு பேரை ஒப்பிட்டால் அந்த இம்மி புலப்படாது. அதனால்தான் லட்சக்கணக்கானோர் தேவை. 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வேறுபாடுகளைக் கூட்டி மதிப்பெண்ணாக்கிய 2018ஆம் ஆண்டு ஆய்வு, இவ்வங்கியினரில் 8 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு மற்றவர்களைப்போல் மும்மடங்கு என்று காட்டியது.

மருந்துக்கு வழிகாட்டுவதில் அரிதான மாற்றங்களுக்கே வலிமை அதிகம். பிசிஎஸ்கே9 மரபணு அதற்குச் சிறந்த சான்று. கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து அள்ளியெடுக்கக் கல்லீரல் செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. இந்த மரபணு தரும் புரதம் அந்த ஏற்பிகளை அழிக்கிறது. அமெரிக்காவில் 1980களில் தொடங்கிய நீண்டகால ஆய்வொன்றில் சேர்ந்திருந்த கறுப்பினத்தவரில் 2.6 விழுக்காட்டினருக்கு இதன் ஒரு பிரதி செயலிழந்திருந்தது. 2006இல் வெளியான கணக்கு வியக்கவைத்தது: அவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் 28 விழுக்காடு குறைவு, இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு. பிறந்தது முதலே கொலஸ்ட்ரால் தாழ்ந்திருந்ததன் பலன் அது. அப்புரதத்தை முடக்கும் ஊசிமருந்துகளுக்கு 2015இல் அனுமதி கிடைத்தது.

ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இதே மாற்றங்கள் மிக அரிது. கறுப்பினத்தவர் சேர்க்கப்படாதிருந்தால் தடயம் இவ்வளவு துலக்கமாகத் தெரிந்திராது. யூகே பயோபேங்கின் பெருங்குறையும் இங்கேதான் இருக்கிறது: அதில் சுமார் 94 விழுக்காட்டினர் வெள்ளையர். அவர்களை வைத்துக் கணித்த மதிப்பெண், இளம் வயதிலேயே மாரடைப்புக்கு ஆளாகும் தெற்காசியருக்கு அதே துல்லியத்தில் பொருந்தாது. இதயத் தசைப் புரதம் ஒன்றைத் தரும் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம் தெற்காசியரில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. இதயச் செயலிழப்போடு அதற்குள்ள தொடர்பு 2009இல் வெளியானது. ஐரோப்பியரிடம் மட்டும் தேடியிருந்தால் இது அகப்பட்டிருக்காது.

கிழக்கு லண்டனில் பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினரிடம் தொடங்கிய ‘ஜீன்ஸ் அண்ட் ஹெல்த்’, 10,000 இந்தியரின் மரபுத்தொகுதியை வாசித்த ‘ஜீனோம் இந்தியா’ ஆகியவை இந்த இடைவெளியை நிரப்ப வந்தவை. மரபுத்தொகுதியை வாசிப்பது பாதி வேலைதான். மாதிரி கொடுத்தவருக்குப் பத்து, இருபது ஆண்டு கழித்து என்ன நோய் வந்தது என்பதையும் அறிய, எந்த மருத்துவமனைக்குப் போனாலும் அவரைத் தொடரும் மருத்துவப் பதிவு வேண்டும்.