கலர் இருக்கும்போது கறுப்பு வெள்ளை எதுக்கு?

காக்களூர் தொழிற்பேட்டையில் செகண்ட் ஷிஃப்ட் முடித்து, திருவள்ளூரில் லோக்கல் பிடித்து, வேப்பம்பட்டில் இறங்குகிற தம்பி ஒருவன் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, 'பிரமயுகம்' பாத்தேன். என் போன்லயே 4கே எடுக்கலாம். மம்மூட்டிய வெச்சு படம் பண்றவங்க ஏன் கறுப்பு வெள்ளைல எடுக்கணும்? காசு இல்லையா?"

நல்ல கேள்விதான். காசுப் பிரச்சினை இல்லை என்று முதலில் சொன்னேன். 2024 பிப்ரவரியில் வந்த படம் அது. ராகுல் சதாசிவன் இயக்கியது. தயாரித்த கம்பெனியின் பெயரே நைட் ஷிஃப்ட் ஸ்டுடியோஸ் என்றதும் தம்பிக்குச் சிரிப்பு. "நம்ம ஆளுங்க போல!"

இனி பொறுமையாக வருவோம். கலர் படத்தில் பச்சைச் சுவர் முன்னால் சிவப்புப் புடவை கட்டிய பெண்ணை நிறுத்தினால், அவள் தனியாகத் தெரிவாள். நிறமே பிரித்துக் காட்டிவிடும். கறுப்பு வெள்ளையில் அந்தச் சிவப்பும் இந்தப் பச்சையும் ஒரே சாம்பலாக ஆகிவிடக்கூடும். புடவை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கேமராமேன் விளக்கை வைத்தே பிரிக்க வேண்டும். தலைக்குப் பின்னால் ஒரு கீற்று வெளிச்சம், கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் என்று. வெளிச்சம் விழாத இடம் திரையில் இல்லாமலே போய்விடும். அங்கே தூண் இருக்கிறதா, ஆள் நிற்கிறானா என்று நமக்குத் தெரியாது. பேய்ப் படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

'பிரமயுகம்' நடப்பது 17ஆம் நூற்றாண்டு மலபாரில். காட்டில் வழி தவறிய பாடகன் தேவன் ஒரு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். அங்கே இருப்பது இரண்டே பேர்: மனையின் சொந்தக்காரர் கொடுமண் போற்றி (மம்மூட்டி), அவருடைய சமையல்காரன். போற்றியோடு பகடை ஆட உட்கார்கிறவன் பணயமாக வைப்பது தன் ஆயுள் காலத்தை. இரவுக் காட்சிகளில் எண்ணெய் விளக்கும் பந்தமும்தான். கரன்ட் போன ராத்திரியில் அகல்விளக்கைத் தரையில் வைத்துவிட்டு எதிரே அம்மா வந்து உட்கார்ந்தால், ஒரு நொடி அம்மாவே வேறு யாரோ போலத் தெரிவதில்லையா? பகலில் மேலிருந்து விழும் வெளிச்சத்துக்குப் பழகின கண் நம்முடையது. கீழிருந்து வரும்போது மூக்கின் நிழல் மேலே ஏறும், முகத்தின் கணக்கே மாறிவிடும். மம்மூட்டி பலகையில் சம்மணமிட்டுச் சாப்பிடும் காட்சியில் பயப்பட எதுவும் நடப்பதில்லை. ஒரு கிழவர் சாப்பிடுகிறார், அவ்வளவுதான். ஆனாலும் நம் வயிறு சுருங்குகிறது.

"அப்ப பழைய காலத்துல எல்லாப் படமும் பயமா இருந்திருக்கணுமே?" என்றான் தம்பி. இல்லை. தமிழில் முழுநீளக் கலர் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தோடுதான் வந்தது. அதற்கு முன் காதலும் காமெடியும்கூடக் கறுப்பு வெள்ளைதான். அந்த நிழலை வேலைக்காரனாக வைத்து வேலை வாங்கியவர்கள் சிலர்தான். அதில் முதல் பெயர் வீணை எஸ். பாலசந்தர். 1954இல் ஏ.வி.எம்.முக்காக அவர் இயக்கிய 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. 1943இல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. சிவாஜி சுட்டுக் கொல்லப்படுவதில் படம் தொடங்குகிறது. யார் சுட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். 1964இல் 'பொம்மை': வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கை மாறிக் கை மாறிப் போகும். நமக்குத் தெரியும், தூக்கிக்கொண்டு போகிறவனுக்குத் தெரியாது. 1970இல் 'நடு இரவில்': ஒரு மாளிகையில் கூடிய சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அதற்கு இசையும் அவரேதான். மேடையில் வீணை வாசிக்கிறவருக்கு எங்கே மீட்ட வேண்டும் என்பதைப் போலவே எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும். இன்றைய பேய்ப் படங்கள் கதவு திறந்தால்கூட 'டமார்' என்று அடிக்கின்றன. பாலசந்தர் சும்மா விடுவார். சும்மா இருக்கும் நேரத்தில் நம் காது தானாகக் கூர்மையாகும்.

ஆக, பழைய பாணியின் கவர்ச்சி எதிலிருக்கிறது என்றால், நம்மிடமிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்வதில். நிறம் போச்சு. வெளிச்சம் போச்சு. முக்கியமாக செல்போன் போச்சு. இன்றைய கதையில் ஆள் மாட்டிக்கொண்டால் லொகேஷன் அனுப்பிவிடலாம். எழுதுகிறவர் 'டவர் இல்லை' என்று ஒரு வசனம் வைத்தாக வேண்டும். மலபார் மனையில் மாட்டிய தேவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மிச்சம் இருப்பது நம் கற்பனை மட்டும். அதைவிடப் பெரிய பேயை எந்த கிராஃபிக்ஸ் கம்பெனியும் செய்து தர முடியாது.

வெளிநாட்டிலும் இதே வேலை நடக்கிறது. 2009இல் டை வெஸ்ட் 'தி ஹவுஸ் ஆஃப் தி டெவில்' படத்தை எண்பதுகளின் படம்போலவே 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார். 2019இல் ராபர்ட் எகர்ஸ் 'தி லைட்ஹவுஸ்' படத்தை ஏறக்குறைய சதுரமான திரையில், சிவப்பு நிறத்தை உணராத அந்தக் கால ஃபிலிமின் குணம் வருகிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டு எடுத்தார். மனிதத் தோலுக்குள் ஓடுவது சிவப்பு. அதை ஃபிலிம் பார்க்காவிட்டால் ஒவ்வொரு சுருக்கமும் புள்ளியும் கறுத்து எழும். நடிகரின் முகமே பாறை மாதிரி ஆகிவிடும்.

நம் ஊரில் 2015இல் அஸ்வின் சரவணன் எடுத்த 'மாயா' இன்னொரு தினுசு. ஒரு கதை நயன்தாராவுடையது, இன்னொன்று ஆரியுடையது. ஒன்று கலரில், மற்றது கறுப்பு வெள்ளையில். இரண்டும் எங்கே சேர்கின்றன என்பதுதான் ரகசியம், சொல்ல மாட்டேன். அதற்குள்ளேயே ஒரு பேய்ப் படம் வரும். தியேட்டரில் தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்து முடிப்பவருக்கு 5 லட்சம் பரிசு. காலித் தியேட்டரில் ஒற்றை ஆள் என்ற காட்சியே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

"அப்ப நானும் போன்ல கறுப்பு வெள்ளை ஃபில்டர் போட்டா பேய்ப் படம் ரெடியா?" என்று தம்பி விடவில்லை. அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பெல்பாட்டம், கிராமஃபோன், அம்பாசிடர் கார், கோடு விழுந்த ஃபிலிம் என்று பழைய சாமான்களை அடுக்கிவிட்டால் அது பழைய வீடுதான், பேய் வீடு ஆகாது. அவனுக்கு ஒரு சோதனை சொன்னேன். இப்போது வந்த ஏதாவது ஒரு கலர் பேய்ப் படத்தைப் போனில் போட்டு, செட்டிங்ஸில் நிறத்தை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பார். முகமும் சுவரும் ஒன்றாகி, துவைத்துச் சாயம் போன சட்டைபோல எல்லாம் ஒரே சாம்பலாக இருக்கும். பிறகு 'அந்த நாள்' போட்டு அதே ஐந்து நிமிடம் பார். எந்த இயக்குநர் இருட்டுக்கு இடம் போட்டு வைத்திருந்தார் என்பது உனக்கே தெரிந்துவிடும்.