ஈர மலையில் எப்படிப் பற்றுகிறது தீ?

வட்டவளையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இலங்கையில் மிக அதிகம் நனையும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கிருந்து அட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் பாசி படிந்த பாறையும் ஒழுகும் ஓடையும்தான். அப்படிப்பட்ட மலைகளில் தையும் மாசியும் வந்தால் புகை எழுகிறது. ஈரத்துக்குப் பேர்போன நாட்டில் தீ எப்படி நுழைகிறது?

விடை மலைமுகட்டில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று சுமந்து வரும் மழையைக் கிழக்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. அட்டன் இருக்கும் மேற்குச் சரிவுக்கு எஞ்சுவது குறைவு. வானம் வெளுக்கிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வெளியேற, நுவரெலியாவின் பள்ளங்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தும் புல்லும் கருகுகின்றன. கருகிய புல்லை அதே வானத்தின் வெயில் பகலெல்லாம் காயவைக்கிறது. ஆக, காட்டுத்தீக்கு விறகு சேர்ப்பதில் உறைபனிக்கும் பங்குண்டு.

ஆனி முதல் ஆவணி வரை கதை தலைகீழாகிறது. தென்மேற்குக் காற்று அட்டன் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு முகட்டைத் தாண்டுகிறது. ஈரம் இழந்த காற்று கீழிறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் சூடேறும். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துப் புல்வெளிகளை உலர்த்தும் கச்சான் காற்று அதுதான். ஒரே முகட்டின் இரண்டு பக்கமும் முறைவைத்துக் காய்கின்றன.

இனி, எரிபொருள். உலர்ந்த புல் பற்றுவதற்கு முன் அதிலுள்ள நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,200 ஜூலுக்கு மேல் வெப்பம் செலவாகிறது. அதன்பிறகு சூட்டில் வெளியேறும் வாயுக்களே சுவாலையாகின்றன. பருத்த மரத்துண்டு காய வாரங்கள் ஆகும். மெல்லிய மானாப் புல்லோ காற்றின் ஈரப்பதம் மாறினால் ஒரு மணி நேரத்திலேயே தானும் மாறிவிடும். காலைப் பனியில் தீக்குச்சிக்குப் பிடிகொடுக்காத அதே புல் பகல் இரண்டு மணிக்கு ஒரு பீடித்துண்டில் பற்றிக்கொள்வது இதனால்தான்.

சரிவு மீதியைச் செய்கிறது. தலைகீழாகப் பிடித்த தீக்குச்சியில் சுவாலை விரலை நோக்கி விரைவதுபோல், மலையில் தீ மேல்நோக்கி ஓடும். தனக்கு மேலுள்ள புல்லைத் தொடுமுன்பே காய்ச்சிவிடும். சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. 2018 மார்ச் 11 அன்று தமிழ்நாட்டின் தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழுள்ள புற்சரிவில் மலையேற்றக்காரர்கள் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்த மேல்நோக்கிய ஓட்டம்தான் மலையகக் காடுகளுக்கும் ஆபத்து. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்கத் தடை வந்தது. அதனால் பல இடங்களில் கீழே தேயிலை, நடுவில் புல், உச்சியில் காடு என்று மலை அடுக்கடுக்காக நிற்கிறது. கீழே வைத்த தீ உச்சிக்குத்தான் போகும்.

புல்லுக்கு இதில் பெரிய நட்டமில்லை. புல்தீ ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. சில அங்குல ஆழத்தில் மண் அவ்வளவாகச் சூடேறாது. தூரில் பதுங்கிய மொட்டுகள் அடுத்த மழைக்கே துளிர்க்கும். ஊவாவின் புல்வெளிகளில் தடித்த பட்டையோடு தீயைத் தாங்கி நிற்கும் மரங்களைப் பாருங்கள்: நெல்லி, கடுக்காய், தான்றி. திரிபலாவின் மூன்று கூட்டாளிகளுமே அங்கே தீயோடு பழகியவர்கள். ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாய்ப் பூக்கும் ரோடோடென்ரன் மரமும் அந்த வகைதான். இந்தப் புல்வெளிகள் இயற்கையானவையா, மனிதர் வைத்த தீயால் உருவானவையா என்ற விவாதம் 1899இல் தாவரவியலாளர் பியர்சன் எழுதிய ஆய்வுக்காலம் முதலே தொடர்கிறது.

உச்சிக்காட்டு மரங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை. எப்போதும் நனைந்தே வளர்ந்தவை அவை. விளிம்பு ஒருமுறை எரிந்தால் அவ்விடத்தைப் புல் பிடிக்கும், மறுமுறை தீ இன்னும் உள்ளே வரும். வெறும் சரிவுகளை மூடவென்று வனத் திணைக்களம் நட்ட பைனஸ் மரங்கள் வேறொரு சிக்கல். பிசின் நிறைந்த ஊசியிலைகள் எளிதில் மக்காமல் மெத்தையாகக் குவிகின்றன.

தீக்குச்சி யாருடையது? மழையில்லாத நாள்களில் மின்னலும் அரிது. ஆகவே கைகாட்ட மனிதரைத் தவிர ஆளில்லை: மாட்டுக்கு இளம்புல் வேண்டுவோர், புதுப்புல் தேடி வரும் மரையை வேட்டையாடுவோர், காணி துப்புரவு செய்வோர், குப்பைக்கு வைத்த தீயை மறந்து போவோர். இழப்போ தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தின் வாசலுக்கே வருகிறது. குழாயில் தண்ணீர் அனுப்பும் ஊற்றுகள் இந்தச் சரிவுகளில்தான் பிறக்கின்றன. வெறுமையான மண்ணை அடுத்த மழை அரித்துக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தடுப்புக்கான வழி தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பராமரித்த தேயிலை மலை நல்லதொரு தீயரண். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு நீர். அதே மலையைக் கைவிட்டால் சில ஆண்டுகளில் மானா ஆளுயரம் வளர்ந்து, அரண் இருந்த இடத்தில் திரி நிற்கும். ஆகவே காட்டோரத்திலும் லயத்தைச் சுற்றியும் புல்லைச் செதுக்கி மண் தெரியும் பட்டைகள் வெட்ட வேண்டும். கவ்வாத்தில் வெட்டிக் காய்ந்த மிலாறைக் காட்டோரத்தில் குவிக்கக் கூடாது. புகை கண்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம். ஆனால் செங்குத்துச் சரிவில் தீ ஓடத் தொடங்கிய பின் வண்டி ஏறப் பாதையும் இல்லை, தண்ணீரும் இல்லை. பச்சைக் கிளைகளால் அடிப்பதைத் தவிர வழி குறைவு.

அதனால் தீயணைப்பின் முக்கிய வேலை புகை எழுவதற்கு முன், கார்த்திகை மார்கழியில், மண்வெட்டியோடு நடக்க வேண்டியது. அந்த வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டினால் ஓராண்டு நடக்கும், மறு ஆண்டு மறந்துபோகும். கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் செக்ரோல் பதிவேட்டில் பேர் விழுவதுபோல், தீப்பட்டை வெட்டுகிறவருக்கும் முழுப் பேர், அதாவது முழுநாள் கூலி, விழட்டும். வேலையாகக் கணக்கில் ஏறினால்தான் தோட்டத்தில் எதுவும் ஆண்டுதோறும் நடக்கும்.