பெயர் வைப்பதற்கு முன்னால்

புயலுக்கு யார் பெயர் வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள் என்று நம் சங்கத்துப் பிள்ளைகள் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் என்னைக் கேட்பதுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை. அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் தாயார் காலமான கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2016 டிசம்பரில் நான் ஹேவ்லாக் தீவில் வேலையில் இருந்தேன். (இன்று அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர். போர்ட் பிளேரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பழைய வாய்க்குப் பழைய பெயரே வருகிறது, பொறுத்தருள்க.) குடும்பம் போர்ட் பிளேரில். 5-ஆம் தேதி காலை ஜெட்டிக்குப் போனால், கடல் சரியில்லை, போட் இல்லை என்றார்கள். மழை முந்தின நாளே பிடித்துக்கொண்டிருந்தது. தென்னை மட்டைகள் பாதை நெடுக விழுந்து கிடந்தன. ஹனிமூனுக்கு வந்த ஜோடிகள் பெட்டிகளை வைத்துக்கொண்டு ஜெட்டியில் நனைந்துகொண்டிருந்தார்கள்.

6-ஆம் தேதி விடியற்காலையில் தாம்பரத்திலிருந்து அண்ணன் பேசினார். சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. "அம்மா போயிட்டாங்கடா" என்றது மட்டும் தெளிவாகக் கேட்டது. எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் கடைசி மகன். அது நான்தான்.

"எப்படியாவது வந்துடு. நாளை மதியம் வரைக்கும் வச்சிருக்கோம்" என்றார். போட் ஓடவில்லை அண்ணே, இங்கே புயல் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "என்ன புயல்? டிவியில ஒண்ணும் சொல்லலையேடா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்குத் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி முழுவதும் முதல்வர் ஜெயலலிதாவின் இறுதி ஊர்வலம். அதோடு, கறாராகப் பார்த்தால் அவர் சொன்னதும் சரியே. எங்களைச் சுற்றி வளைத்திருந்தது அன்று புயலே அல்ல.

வானிலைத் துறையின் கணக்கு இதுதான். காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை சுழன்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல், அப்போதுதான் பெயர். நிலத்தில் வாழ்பவர்களுக்கு இந்தக் கணக்குப் போதும். தீவில் இருப்பவனுக்கு ஐம்பது கிலோமீட்டர் காற்றே போதும், போட் நின்றுவிடும். போட் நின்றால் காய்கறி, மருந்து, கடிதம், கல்யாணம், கருமாதி எல்லாம் நின்றுவிடும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. வங்கக் கடலில் மழைக்காலத்துக்குப் பின் எழும் புயல்களில் பல அந்தமான் கடலில்தான் கருக்கொள்கின்றன. இங்கே சிசுவாக இருக்கும். மேற்கே போகப்போகத்தான் பலம் கூடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து போன ரயிலைப் பயணிகளோடு கடலுக்குள் இழுத்ததே, அதுவும் தெற்கு அந்தமான் கடலில் தாழ்வு மண்டலமாகத் தொடங்கியதுதான். ஆக, பிரசவம் நம் ஊரில், பெயர்சூட்டு விழா நடுக்கடலில், விருந்து சாப்பாடு சென்னையிலோ ஆந்திரத்திலோ.

எப்போதும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. 2013 நவம்பர் 25 அதிகாலை போர்ட் பிளேர் அருகே தீவுகளைக் கடந்த லெஹர், பெயரோடுதான் வந்தது. அதன் பொருள் அலை, இந்தியா கொடுத்த பெயர். 2019 ஜனவரியில் வந்த பபுக் இன்னும் விசேஷம். அது தென் சீனக் கடலில் இருந்தபோதே டோக்கியோ மையம் பெயர் வைத்துவிட்டது. லாவோஸ் நாடு கொடுத்த பெயர், ஒரு பெரிய ஆற்று மீனைக் குறிப்பது. 4-ஆம் தேதி தாய்லாந்தைத் தாக்கி இந்தப் பக்கம் வந்தபோதும் அதே பெயர்தான். ஒரு கடலில் பெற்ற பெயரை அடுத்த கடலில் மாற்றுவதில்லை. 2022 மார்ச்சில் நேர்மாறு. வரப்போவது 'அசானி' என்று பத்திரிகைகள் முன்கூட்டியே பெயர் சொல்லிவிட்டன. அதுவோ ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே தீவுகளை ஒட்டி வடக்கே நகர்ந்து மியான்மர் பக்கம் போய்விட்டது. அந்தப் பெயரை அதற்குக் கொடுக்கவில்லை, மே மாதம் வந்த வேறு புயலுக்குக் கொடுத்தார்கள்.

நம் கடலில் இந்த ஏற்பாடே சமீபத்தியதுதான். முன்பெல்லாம் கரையேறிய ஊரின் பெயரையோ ஆண்டையோ சொல்லித்தான் அடையாளம். 2000-இல் மஸ்கட்டில் கூடிப் பேசினார்கள். 2004-இல் எட்டு நாடுகள் தலைக்கு எட்டாக 64 பெயர்கள் கொடுத்தன. கடைசிப் பெயர் 2020 மே மாதத்து ஆம்பன். அந்த ஆண்டே பதின்மூன்று நாடுகள் தலைக்குப் பதின்மூன்றாக 169 பெயர்களோடு புதிய பட்டியல் வந்தது. நாடுகளின் ஆங்கில அகர வரிசைப்படி முறை வைத்து டெல்லி மையம் சூட்டுகிறது. ஒருமுறை சூட்டிய பெயர் மறுபடி வராது. அரசியல், மதம் சம்பந்தப்படக் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது, வாயில் எளிதாக நுழைய வேண்டும் என்பவை விதிகள். கடைசி விதியை எந்த நாட்டு வாயை வைத்துச் சோதித்தார்களோ! ஆளுக்கொரு விதமாக உச்சரிக்கிறோம்.

இந்தியாவின் பதின்மூன்றில் இரண்டு நம் காதுக்கு இனியவை: முரசு, நீர். கதி 2020-இலும் தேஜ் 2023-இலும் ஆயின. இந்திய வரிசையில் அதற்கடுத்தது முரசு.

பெயரில்லாத காலத்துப் புயல்களை யார் நினைக்கிறார்கள் என்று ஹேவ்லாக்கில் அடைபட்டிருந்த நாட்களில் யோசித்ததுண்டு. அதற்கு வடக்கே ஜான் லாரன்ஸ் தீவு இருக்கிறது. 1844 நவம்பர் 11, 12-இல் அடித்த புயலில், சிட்னியிலிருந்து கல்கத்தா போன 'பிரிட்டன்', இங்கிலாந்திலிருந்து கல்கத்தா போன 'ரன்னிமீட்' என்ற இரண்டு படைவீரர் கப்பல்கள், ஒன்றை ஒன்று அறியாமலே, அந்த ஒரே தீவின் கரையில் அருகருகே தூக்கி எறியப்பட்டன. விடிந்து பார்த்தபோதுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல். அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் உதவி வரும்வரை வாரக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். 'சைக்ளோன்' என்ற சொல்லே அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1848-இல், கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் உண்டாக்கியது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார்.

என் மனதை விட்டு அகலாதது 1891 நவம்பர்த் தொடக்கத்தில் போர்ட் பிளேரைத் தாக்கிய புயல். 'எண்டர்பிரைஸ்' என்ற அரசு நீராவிக் கப்பல் சவுத் பாயிண்ட் பாறைகளில் மோதி உடைந்தது. அங்கேதான் அப்போது பெண் கைதிகளின் சிறை. அந்தப் பெண்கள் கைகோத்துச் சங்கிலியாக அலைக்குள் இறங்கி, மிதந்து வந்தவர்களை இழுத்துக் கரை சேர்த்தார்கள். எழுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட அந்தக் கப்பலில் பிழைத்தவர்கள் ஆறே பேர். நாடுகடத்தப்பட்டு, திரும்பிப் போக வழியில்லாத பெண்கள். நான் படித்த குறிப்புகளில் கப்பலின் பெயர் இருக்கிறது, இடத்தின் பெயர் இருக்கிறது. புயலுக்கும் பெயரில்லை, அந்தப் பெண்களுக்கும் பெயரில்லை. செல்லுலர் சிறையைப் பார்க்க வரும் உறவினர்களை நான் சவுத் பாயிண்ட் பக்கமும் அழைத்துப் போவேன். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, கடல்தான்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். 7-ஆம் தேதி மதியம் அண்ணனே கொள்ளி வைத்தார். 8-ஆம் தேதி அந்தத் தாழ்வு மண்டலம் எங்களை விட்டு விலகிப் போய்ப் புயலாகி, 'வர்தா' என்று பெயர் பெற்றது. பாகிஸ்தான் கொடுத்த பெயர், பொருள் சிவப்பு ரோஜா. 9-ஆம் தேதி கடல் சற்று இறங்கியதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகளைக் கடற்படைக் கப்பல்களும் மற்றவையும் ஏற்றிச் சென்றன. அந்தக் கூட்டத்தில் நானும் போர்ட் பிளேர் வந்து, 11-ஆம் தேதி விமானத்தில் சென்னை சேர்ந்தேன்.

வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணி மட்டும் காபி கொண்டுவந்து வைத்தார். "கடைசிப் பிள்ளைக்கு வர மனசில்லே" என்று எதிர்வீட்டில் யாரோ சொன்னதைக் குழந்தைகள் வந்து ஒப்பித்தார்கள்.

மறுநாள் 12-ஆம் தேதி. காலையிலிருந்தே காற்று. பத்து மணிக்கெல்லாம் மின்சாரம் போய்விட்டது. கொல்லையில் இருந்த முருங்கை முதலில் சாய்ந்தது. பிறகு வாசலில் அம்மா நட்ட வேப்பமரம் வேரோடு சுவர்மேல் விழுந்தது. இரண்டு பேரும் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தோம். டிரான்ஸிஸ்டரில் பெயர் சொன்னார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "இது எங்கேருந்துடா வருது?"

"எங்க ஊர்லேருந்துதான் அண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. இருட்டிய பிறகு, காற்று தணிந்ததும், அரிக்கேன் விளக்கை ஏற்றி அம்மா படத்தின் முன்னால் வைத்துவிட்டு, "நீயே ஊதுவத்தி ஏத்து" என்றார்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தைந்து. டிவியில் தெற்கு அந்தமான் கடல் என்று ஆரம்பித்தாலே போன் செய்துவிடுகிறார். போட் ஓடுகிறதா, அரிசி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, கடைசியில்தான் கேட்பார்: "அதுக்குப் பேரு வச்சுட்டாங்களாடா?"