உங்களுக்குத் தெரியுமா? சம்பா கோதுமை ரொட்டியும் இரத்தச் சர்க்கரையும்

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மேற்காசியாவில் பயிராகி, நம் கடைகளில் சம்பா கோதுமை என்றும் மராட்டியத்தில் கப்லி என்றும் இன்றளவும் வழங்கும் புராதன தானியம், புரதமும் நார்ச்சத்தும் மிக்கதாய், நிதானமாக ஜீரணமாகும் சுபாவமுடையது. நீலகிரி வெல்லிங்டனிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பிராந்திய நிலையம் இவ்வினத்தில் ‘நீலகிரி கப்லி’ என்ற ரகத்தை அளித்திருப்பது மிகவும் போற்றத்தக்கது.

எனினும் தானியத்தின் பழமையொன்றே இரத்தச் சர்க்கரையை அடக்கிவிடும் என்று நம்புதல் தகாது. 1981-ல் டொரான்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் வகுத்த, உணவு இரத்தச் சர்க்கரையை ஏற்றும் அளவைக் காட்டும் கிளைசீமிக் குறியீட்டில், குளுக்கோஸை 100 எனக் கொண்டால், மைதா ரொட்டி 70-ஐ ஒட்டி நிற்கிறது. சம்பா கோதுமையையும் தவிடு நீக்கி நுண்ணிய மாவாக்கினால், அதன் மாவுச்சத்தும் விரைவில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலந்துவிடும். கொரகொரப்பாகத் திரித்து, மாவை நன்றாகப் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டியிலோ, புளிப்பில் விளையும் அமிலங்கள் ஜீரணத்தைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரையின் ஏற்றம் மெதுவாகவே நிகழ்கிறது.

நீரிழிவு அன்பர்கள் இதை அளவறிந்து உண்க. வைத்தியர் தந்த மருந்தை மட்டும் இதன்பொருட்டு நிறுத்தற்க.