வரப்பில் வருவது எத்தனை? கணக்குச் சொல்லும் அகச்சிவப்பு சென்சார்

மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால், பல மாத உழைப்பு ஓர் இரவில் வீணாகிவிடும். 'தினமும் வருகிறது' என்கிறோம். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்று கேட்டால் பதில் இருக்காது. இந்தக் கணக்கை எடுத்துத் தருவதுதான் அகச்சிவப்பு சென்சார்.

எப்படி வேலை செய்கிறது?

மனிதர், விலங்குகளின் உடல் சூடு அகச்சிவப்புக் கதிராக வெளிப்படுகிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் குறுக்கே நகர்ந்தால், சென்சார் அதை உணர்ந்து நேரத்துடன் பதிவு செய்யும். ஆள் வந்தால் தானாக எரியும் வாசல் விளக்கில் இருப்பதும் இதுதான். இன்னொரு வகையில், பாதையின் குறுக்கே செல்லும் கதிர் மறைக்கப்படும்போது ஓர் எண் கூடும்.

எங்கே பொருத்துவது?

விலங்கு வழக்கமாக நடக்கும் தடத்துக்குக் குறுக்காகப் பார்க்கும்படி பொருத்துங்கள். நேர் எதிரே வரும் உருவத்தை இது சரியாக உணராது. பன்றிக்கு அரை மீட்டர் உயரம், ஆட்களை எண்ண இடுப்பு உயரம் போதும். எதிரே ஆடும் புல், கிளைகளை அகற்றுங்கள். வெயில் நேராக விழும் இடம் வேண்டாம்.

எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

ஒட்டி நடக்கும் இரண்டு பன்றிகள் ஒன்றாகப் பதிவாகும். உச்சி வெயிலில் மண்ணும் உடலும் ஒரே சூட்டில் இருந்தால் சில விடுபடும். கடந்தது பன்றியா, பக்கத்து வீட்டு நாயா என்றும் சென்சார் சொல்லாது. தடத்தில் மணல் பரப்பி, காலையில் குளம்புத் தடத்தைப் பாருங்கள். ஆட்களை எண்ணும் பாதையில் சில மணி நேரம் நீங்களே எண்ணி ஒப்பிடுங்கள். நீங்கள் எண்ணியது 50, கருவி காட்டியது 40 என்றால், அதன் கணக்கை 1.25 ஆல் பெருக்க வேண்டும்.

என்ன லாபம்?

வரத்து இரவு 11 முதல் 2 மணிக்குள் என்று தெரிந்தால், விடிய விடிய விழிக்காமல் அந்த நேரத்தில் முறை வைத்துக் காவல் இருக்கலாம். வேலி போடும் முன்னும் பின்னும் எண்ணினால், அது பலன் தருகிறதா என்பதும் புரியும்.

ஆத்திரத்தில் வேலியில் நேரடி மின்சாரம் பாய்ச்சாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அதிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வீட்டு ஆளையே பலி வாங்கிவிடும். சென்சாரை உங்கள் பட்டா நிலத்துக்குள் மட்டும் வையுங்கள். காட்டு எல்லைக்குள் வைக்க வனத்துறை அனுமதி தேவை. தேதி, நேரத்துடன் நோட்டில் குறித்து வைத்தால், இழப்பீடு கேட்டு மனு கொடுக்கும்போது சேதப் படங்களுடன் அதையும் காட்டலாம்.